பழிக்கு ஓர் அளவுகோல்

கர்ப்பம் 28 வாரங்களைக் கடந்தபின் உயிரின்றிப் பிறக்கும் சிசுவை, 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் ஒரு தனிப் படிவத்தில் பதியச் சொல்கிறது. அந்தப் படிவத்தில் தந்தையின் பெயருக்கும் தாயின் பெயருக்கும் இடமுண்டு, சிசுவின் பெயருக்கு இடமில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகெங்கும் சுமார் 19 லட்சம் சிசுக்கள் இவ்விதம் பிறந்தன. அவற்றுள் ஏறக்குறைய 3.4 லட்சம் நம் தேசத்தைச் சேர்ந்தவை. மரணத்தை எண்ணிவிடலாம். அதற்குப்பின் தாயின் தலையில் விழும் பழியை எவ்வாறு அளப்பது?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலுள்ள சாணார்பட்டி போன்ற ஊர்களில் அப்பழி வசையாக வருவது அபூர்வம். நாத்தனாருக்கு வளைகாப்பு நடக்கும்போது சந்தனக் கிண்ணம் சிசுவை இழந்த ஒருத்தியைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். "நீ உள்ள போயி பலகாரத்தப் பாரு தாயி" என்று மாமியார் கனிவாகவே சொல்வார். அந்தக் கனிவும் பொய்யன்று, விலக்கும் பொய்யன்று. இரண்டும் கலந்து நிற்பதனாலேயே இதை அளப்பது கடினமாகிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேனியல் போலக்கும் அவருடைய சகாக்களும் இதற்கென்றே ஒரு வினாத்தொகுதியை இயற்றினர். பிறர் தம்மைத் தாழ்வாக மதிப்பதாக உணர்தல், பாரபட்சத்துக்கு ஆளாதல், தம்மைத் தாமே பழித்துக்கொள்ளுதல், நடந்ததை வெளியே சொல்லக் கூசுதல் என்று அது நான்கு கிளைகளாக விரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று படிப்படியாக விடை கேட்டு மதிப்பெண் கூட்டும் முறை, ரென்சிஸ் லைகர்ட் 1932இல் வகுத்துத் தந்தது. எனினும் போலக் குழுவினருக்கு விடையளித்தோர் செல்வச் செழிப்புள்ள நாடுகளின் பெற்றோர். தனியே அமர்ந்து, தம் மனத்தைப் படிகளில் நிறுத்திப் பார்க்கும் பழக்கமும் அவகாசமும் அவர்களுக்கு உண்டு. மாமியாரும் ஓரகத்தியும் திண்ணையில் அமர்ந்திருக்க விடைசொல்ல வேண்டியவளுக்கு அவை இரண்டும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தொழுநோயாளர் அனுபவிக்கும் அவமதிப்பை அறிய மிட்செல் வைஸ் என்பவர் பம்பாயில் பயன்படுத்திய விசாரணை முறை, உணர்ச்சிகளை மட்டும் கேட்டு நிற்காமல் காரியங்களைக் கேட்டது: இதைப் பிறரிடம் மறைப்பீர்களா, குடும்பத்தில் கல்யாணப் பேச்சுக்கு இது தடையாகுமா என்பன போல. அதே முறையைக் கொண்டு பெங்களூரில் மனச்சோர்வுற்றோரிடம் ரகுராமும் வைஸும் பிறரும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வோ விசித்திரமான ஓர் உண்மையைக் காட்டிற்று: துக்கத்தின் கடுமை ஏற ஏறப் பழியச்சமும் ஏறியது; உடல் உபாதை மிகுந்தவர்களிடம் அது குறைந்து காணப்பட்டது. தலைவலி, அசதி என்று நர்சம்மாவிடம் தாராளமாகச் சொல்லும் பெண் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதற்கு இது ஒரு குறிப்பு. சத்தீஸ்கரில் சிசுவை இழந்த தாய்மாரின் துக்கத்தை அளந்த லிசா ராபர்ட்ஸின் ஆய்வுகளும், பெண்ணின் சுயாதீனத்தையும் ஊர் வழக்கத்தையும் விட்டுவிட்டு அத்துக்கத்தை விளங்கிக்கொள்ள இயலாதென்றே காட்டுகின்றன.

ஆகையால் சாணார்பட்டிக்கு ஏற்ற வினாத்தொகுதி, "உங்களைத் தாழ்வாக நினைக்கிறார்களா?" என்று தொடங்கலாகாது என்பது என் அபிப்பிராயம். கடைசியாக எந்த வளைகாப்புக்கு அழைத்தார்கள், அங்கே சந்தனம் பூசச் சொன்னார்களா, பச்சைக் குழந்தையைக் கையில் கொடுத்தார்களா என்று கேட்கவேண்டும். கேட்பவரும் முக்கியம். 1959 முதலே ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராம நிறுவனத்தார் சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகச் சென்ற மாவட்டம் இது. கேள்வித்தாள் இங்கே புதுமையன்று, தனிமைதான் அரிது. அடுத்த கர்ப்பத்தைக் கணக்கெடுக்க வரும் அதே ஊழியரிடம் போன கர்ப்பத்தின் பழியைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? வேலையிடத்தையும் விட்டுவிடலாகாது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு இந்த இழப்பின்போது 60 நாள் விடுப்பு 2022இல் கிடைத்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு அது பொருந்தாது. சீக்கிரம் வேலைக்குத் திரும்பினாளா, அங்கே அவளிடம் என்ன பேசினார்கள் என்பதையும் கேட்கலாம். துணியில் சுற்றிய சிசுவைப் புதைத்துவிட்டு வந்த தகப்பனையும் தனியே அழைத்து அதே வினாக்களைக் கேட்பது நல்லது. அவன் தரும் விடை மனைவி தந்ததோடு எங்கே மாறுபடுகிறது என்று பார்த்தால், பழி அந்த வீட்டில் யார்மேல் எவ்வளவு விழுந்தது என்பது கணக்குக்கு வரும்.