தானே நீர் பருகும் நத்தார் மரம்

நத்தார்ப் பண்டிகைக்கென வீட்டினுள் நாட்டும் மரம் வேரற்றது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். நட்சத்திரமும் வர்ணத் தாளும் தொங்கவிட்டு அழகு பார்க்கின்றோமேயன்றி, அடிச் சட்டியில் தண்ணீர் உண்டா என்று குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? சென்ற வருடம் எம் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. விருந்தினரும் பலகாரமுமாக இரண்டு நாட்கள் ஓடின. மூன்றாம் நாள் சைப்பிரஸ் கிளையொன்றைத் தொட்டபோது இலைகள் கையோடு பொடிந்து வந்தன. அம்மரத்தின் மீதுதான் மின்குமிழ்கள் இரவெல்லாம் எரிந்தன என்பதை எண்ணினால் இப்போதும் நெஞ்சு பதறுகின்றது.

காய்ந்த மரம் தீப்பற்றினால் ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் எரிந்துவிடும். நன்கு நீர் பருகிய பச்சை மரத்திலோ தீ எளிதிற் பற்றாது. 1882ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் எட்வேட் ஜோன்சன் என்பவர் 80 சிறு மின்குமிழ்களால் தம் மரத்தை முதன்முதலாக ஒளிரச் செய்தார். மெழுகுவர்த்தியைவிட அது நல்லதே. ஆயினும் கம்பி தேய்ந்து பொறி கிளம்பிவிட்டால், காய்ந்த மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடிமரத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மரத்தை நாட்டுமுன் அடியில் அரை அங்குலம் அரிந்துவிடவும் வேண்டும். பழைய வெட்டுவாய் பிசினால் அடைபட்டிருக்கும். சட்டி சில மணி நேரம் வற்றினாலும் புதிய வாயும் அவ்வாறே அடைபடும். பின்னர் எவ்வளவு வார்த்தும் பயனில்லை.

இவ்வருடம் நத்தார் முடிந்ததும் நான்கு நாட்கள் மட்டக்களப்பில் உறவினர் வீட்டில் தங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளோ, புதுவருடம் வரை மரத்தை அகற்றவே கூடாது என்றனர். அப்போதுதான் கோழிகளுக்குப் போத்தலைக் கவிழ்த்துவைத்துத் தண்ணீர் காட்டும் முறை நினைவுக்கு வந்தது. தட்டில் நீர் குறைந்து போத்தலின் வாய் வெளிப்பட்டால் காற்று உட்புகும். காற்றுப் புகுந்த அளவுக்கு நீர் இறங்கும். வாய் மீண்டும் மூடப்பட்டதும் நின்றுவிடும். 1643ஆம் ஆண்டில் தொரிசெல்லியின் சோதனை காட்டிய காற்றின் அழுத்தமே இங்கு காவற்காரன்.

20 லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் கான் ஒன்றை எடுத்தோம். அதன் திருகு மூடியில் இரு துளைகளிட்டு, இரு மெல்லிய குழாய்களைச் செலுத்தி, நீர் புகாப் பசையினால் இறுக அடைத்தோம். ஒரு குழாய் கானின் அடிவரை செல்லும். அதன் மறுமுனை மரச் சட்டியின் அடியில் கிடக்கும். மற்றையது மூடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். அதன் வெளிமுனையைச் சட்டியில் நீர் எம்மட்டத்தில் நிற்க வேண்டுமோ அம்மட்டத்திற் கட்டினோம். கானைச் சிறு முக்காலியின்மேல் உயர்த்திவைத்து, காற்றுக் குழாயை மெல்ல ஊத, மற்றைக் குழாய் வழியே நீர் ஓடத் தொடங்கிற்று. காற்றுக் குழாயின் வாயை நீர் மூடியதும் ஓட்டம் நின்றது. பிள்ளைகள் கைகொட்டினர். மூடியில் ஊசிமுனையளவு ஒழுக்கு இருந்தாலும் காற்று அவ்வழியே புகுந்து சட்டி நிரம்பி வழியும் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

எமக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது. மூடியில் ஒழுக்கில்லை, எனினும் ஒருநாட் காலை நிலத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. யன்னல் வெயில் கானிற் பட்டு, உள்ளிருந்த காற்று விரிந்து நீரை வெளியே தள்ளியிருந்தது. முக்காற்பங்கு வெறுமையான கானில் பத்துப் பாகை வெப்பம் ஏறினால் அரை லீற்றர் வரை வெளிவரும். கானை நிழலுக்கு மாற்றி, காற்றுக் குழாயை இரண்டு அங்குலம் தாழ்த்திக் கட்டினோம். பிறகு வழியவில்லை. கானைச் சிவப்புத் தாளாற் சுற்றி நாடாவும் கட்டியதால், வந்தவர்கள் அதைப் பெரும் பரிசுப் பொதியென்றே எண்ணினர்.

புறப்படுமுன் மின்குமிழ்களின் இணைப்பை அகற்றினோம். மரம் எவ்வளவு பச்சையாயினும் ஆளில்லா வீட்டில் விளக்கெரிவது தகாது. நான்கு நாட்களின் பின் கதவைத் திறந்தபோது கானில் மூன்றிலொரு பங்கு நீர் எஞ்சியிருந்தது. அன்றிரவு கூடத்தில் ‘களக்’கென்ற ஒலி கேட்டு, "மரம் தண்ணி குடிக்குது அம்மா" என்று சின்னவள் படுக்கையிலிருந்தே கூவினாள்.