பாதி விலைக்கு கிடைக்குதேன்னு பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குறீங்களா? செலவு எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க!

ஸ்கோடா நிறுவனம் 2025 அக்டோபரில் ஆக்டேவியா ஆர்எஸ் காரை மீண்டும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. மொத்தமே 100 கார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை 49.99 லட்சம் ரூபாய். முன்பதிவு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அத்தனையும் காலி. கிடைக்காதவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? பழைய ஆக்டேவியா ஆர்எஸ் எங்கேயாவது விற்பனைக்கு இருக்கான்னு மொபைலில் தேடுவார்கள்.

தேடினால் கிடைக்கவும் செய்யும். 2017-ல் 24.62 லட்சத்துக்கு வந்த மாடல், 2020-ல் 35.99 லட்சத்துக்கு வெறும் 200 கார்கள் மட்டும் வந்த 'ஆர்எஸ் 245' மாடல், இரண்டுமே செகண்ட் ஹேண்ட் சந்தையில் அவ்வப்போது கண்ணில் படும். புது நடுத்தர எஸ்யூவி வாங்குற காசில் 230 குதிரைசக்தி கார் வீட்டு வாசலில் நிற்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்த ஆசையில் சேமிப்பை மொத்தமாகப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் சர்வீஸ் பில்லைப் பார்த்து மிரண்டு போய் விற்பவர்களும் உண்டு. அது ஏன் நடக்குது, எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

அப்படி என்ன இருக்கு இந்தக் காரில்?

பார்க்க சாதாரண குடும்பக் கார். நாலு கதவு, அஞ்சு பேர் உட்காரலாம், 590 லிட்டர் டிக்கி. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, அம்மா கொடுத்த மாங்காய் எல்லாம் தாராளமாக உள்ளே போகும். ஆனால் பானெட்டுக்குக் கீழே 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 2017 மாடல் 230 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 6.8 வினாடியில் தொட்டுவிடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 'ஆர்எஸ் 245' அதைவிட ஒரு படி மேல்: 245 குதிரைசக்தி, 370 நியூட்டன் மீட்டர். சத்தமில்லாமல் இருந்துவிட்டு தேவைப்படும்போது சீறும் இந்தக் குணத்துக்காகத்தான் இதற்கு இவ்வளவு ரசிகர்கள்.

கார் விலைதான் குறைஞ்சிருக்கு, பாகம் விலை குறையலை!

முதலில் புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். 25 லட்சம் ரூபாய் கார் எட்டு வருஷத்தில் பாதி விலைக்கு வரலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், ஹெட்லைட், டர்போ எதுவும் பாதி விலைக்கு வராது. சொல்லப்போனால் வருஷா வருஷம் ஏறும். அதுவும் சில நூறு கார்களே வந்த மாடல் என்றால், ஆர்எஸ்-க்கு மட்டுமே உரிய பம்பர், பிரேக் போன்றவை கடையில் ரெடியாக இருக்காது. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இன்ஜின், கியர்பாக்ஸின் பெரும்பகுதி ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மற்ற கார்களிலும் இருப்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆறுதல்.

எனவே கையில் 15 லட்சம் இருக்கு என்றால் 15 லட்சத்துக்கும் கார் பார்க்காதீர்கள். கார் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருஷ வேலைக்கு என்று தனியாக எடுத்து வைப்பது நல்லது. டயர், பேட்டரி, பிரேக் பேட், எல்லா ஆயிலும் மாற்றுவது என்று அந்தப் பணம் கண்டிப்பாகக் கரையும்.

கியர்பாக்ஸில்தான் சூட்சுமம்

'டிஎஸ்ஜி' என்றாலே பலர் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் 'டிகியூ200' எனப்படும் 7 ஸ்பீடு, உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகும் டிராஃபிக்கில் சூடேறி, அதிகம் திட்டு வாங்கியது அதுதான். 2017 ஆர்எஸ் காரில் இருப்பது வேறு. அது 6 ஸ்பீடு, 'வெட் கிளட்ச்'. அதாவது கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியே இருக்கும், அந்த ஆயிலே சூட்டைத் தணிக்கும். 'ஆர்எஸ் 245'-ல் இருப்பது 7 ஸ்பீடுதான் என்றாலும் அதுவும் வெட் கிளட்ச் வகை.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. 6 ஸ்பீடு டிஎஸ்ஜி-யில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். செலவு அதிகம் என்பதால் பலர் இதைத் தள்ளிப் போடுவார்கள். சர்வீஸ் ரெக்கார்டில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். 70,000 கி.மீ. ஓடிய காரில் அந்த வரி இல்லை என்றால், விலையைக் குறைத்துப் பேசுங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 'காரை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே' என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடலாம். காலை ஸ்டார்ட்டிங்கில் வரும் கடகட சத்தம், புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு ஹைவேக்குப் போகாமல், நெரிசல் நேரத்தில் வடபழனி மாதிரி ஒரு இடத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போதோ, திரும்பி இறங்கும்போதோ இடிப்பது போல் குலுங்கினால் கவனம். வேகமாக ஓட்டும்போது எந்த ஆர்எஸ்-ஸும் நல்லாத்தான் இருக்கும்!

இன்ஜின் பக்கம், தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங்கில் கூலன்ட் கசிவது இந்த வகையில் தெரிந்த பிரச்சினை. கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கா, அந்தப் பகுதியில் காய்ந்த கறை இருக்கான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'ரீமேப்' பண்ணின காரா?

இதுதான் பெரிய ஆபத்து, அதிகம் மறைக்கப்படுவதும் இதுதான். டர்போ காரின் கம்ப்யூட்டரில் மென்பொருளை மட்டும் மாற்றி சக்தியைக் கூட்ட முடியும். 'ஸ்டேஜ் 1' என்பார்கள். 230 இருந்த இடத்தில் 300-ஐ ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தலாம். ஓட்டுபவருக்கு ஜாலி. ஆனால் கிளட்ச், டர்போ, டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கூடுதல் சுமையைத் தாங்கியாக வேண்டும். விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டு 'முழுக்க ஸ்டாக் கார் சார்' என்று சொல்வது ரொம்ப சுலபம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காரை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மென்பொருள் மாற்றப்பட்டதாக முன்பே அங்கே பதிவாகியிருந்தால் தெரிய வாய்ப்பு உண்டு. கீழே படுத்துப் பார்த்து சைலன்சர் குழாய் ஒரிஜினல்தானா, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கான்னு பாருங்கள். வெளிக்கம்பெனி ஏர் ஃபில்டர் இருந்தால், அதை ஏன் மாற்றினார் என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

சட்டமும் இதில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. மீறினால் 182ஏ பிரிவில், உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றியது முந்தைய ஓனராக இருந்தாலும் சாலையில் நிறுத்திக் கேட்கப்படப் போவது நீங்கள்தான். விபத்து நடந்து, சொல்லாத மாற்றம் வெளியே வந்தால் இன்சூரன்ஸ் க்ளைமிலும் சிக்கல்.

மாசச் செலவு எவ்வளவு ஆகும்?

சென்னை டிராஃபிக்கில் லிட்டருக்கு 9 கி.மீ. கிடைத்தால் மாதம் 1,000 கி.மீ. ஓட்ட 111 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 11,000 ரூபாய்க்கு மேல். இந்த டர்போ இன்ஜினுக்கு குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும் என்பதால் பலர் பிரீமியம் பெட்ரோலே போடுகிறார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். 50 லிட்டர் டேங்கை அதில் நிரப்பினால் 8,000 ரூபாய்!

2017, 2020 கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துத் தயாரானவை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என நிதி ஆயோக் 2021-லேயே சொல்லியிருந்தது. ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சர்வீஸில் ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது.

அடுத்து டயர். 'ஆர்எஸ் 245'-ல் இருப்பது 225/40 ஆர்18. இதில் டயரின் பக்கச்சுவர் உயரம் 225 மி.மீ.-ல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. தான். நம்ம ஊர் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயர் வீங்கும், அலாய் வீல் வளையும். டயரில் '3219' போல நாலு எண் இருக்கும். 2019-ன் 32-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நல்லா இருக்கேன்னு ஆறு, ஏழு வருஷ டயரை நம்பி இந்த வேகக் காரை ஓட்டாதீர்கள். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

இன்சூரன்ஸில் 1500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும், 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, 7,897 ரூபாய். உண்மையான அடி க்ளைம் போடும்போதுதான். ஐந்து முதல் பத்து வருஷ காரில் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானம் என்று கழிப்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் பம்பர், கிரில் மாற்றினால் பாதி உங்கள் கையிலிருந்து. இதைத் தவிர்க்கும் 'ஜீரோ டெப்' வசதி பழைய காருக்குக் கிடைக்குமா என்று கார் வாங்குவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். விற்பவரின் நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வெளிமாநில கார் மலிவா கிடைச்சா?

டெல்லி, மும்பை கார்கள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு சாலை வரி கட்டிய பிறகு எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பல நேரம் காணாமல் போகும். வெள்ளத்தில் மூழ்கிய காரா என்றும் பார்க்க வேண்டும். 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயலைப் பார்த்த சென்னை கார்களுக்கும் இது பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கறை இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியாக ஆர்சி. படிவம் 29, 30 கொடுத்து பெயர் மாற்றத்தை முடிக்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். லோன் இருந்த கார் என்றால் படிவம் 35-ம் வேண்டும். நிலுவை சலான்களைப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேகக் காருக்கு வேக சலான் இல்லாமல் இருப்பது அபூர்வம். கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து விடுங்கள். தாமதித்தால் உங்கள் காரின் சேதத்துக்கான க்ளைம் மறுக்கப்படலாம். விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு. ஆர்சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் 'அப்புறம் மாத்திக்கலாம் தம்பி' என்று இழுப்பவரும் மறுநாளே ஆர்டிஓ அலுவலகத்துக்கு வருவார்.