சிமினி துடைத்த கைகளுக்கு ஒரு வேலை

அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு காலத்தில் நம் வீடுகளில் தவறாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. உம்மாவோ ராத்தாவோ அரிக்கன் லாம்பின் சிமினியைக் கழற்றி, சாம்பல் தொட்டுத் துடைத்து, பழைய துணியால் மினுக்கி, மஃரிப் பாங்குக்கு முன் லாம்பைத் தயாராக்கி வைப்பார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்த காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. அதே காலத்தில் குடாநாட்டில் இருந்த மக்களும் மின்சாரம் இன்றி, ஜாம் போத்தலில் திரி போட்டு இரவுகளைக் கழித்தார்கள். திரி எவ்வளவு நன்றாக எரிந்தாலும் சிமினியில் புகை படிந்திருந்தால் வெளிச்சம் வெளியே வராது. இந்தப் பாடத்தை நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதே பாடம் வாசலில் நிற்கும் வாகனத்துக்கும் பொருந்தும் என்பதை நான் ஓர் இரவில்தான் அறிந்தேன்.

ஒரு ஜனாஸா, ஓர் இரவுப் பயணம்

இஷாவுக்குப் பின் புத்தளத்திலிருந்து செய்தி வந்தது. மாமி வபாத்தாகி விட்டார். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குமாறு மார்க்கம் பணித்திருப்பதால், ஸுப்ஹுக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு காலும் புத்தளத்தில் ஒரு காலும் வைத்து வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிய அனுபவமல்ல. மச்சானின் வேனில் ஏறினோம். அந்த வேனை அவர் வாங்கி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

மாங்குளத்தைத் தாண்டிய பின் வீதியில் விளக்குகள் இல்லை. வேனின் முன் விளக்குகள் எரிகின்றன; ஆனால் வீதி தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் மந்தமான ஒரு வெளிச்சம் வாகனத்துக்கு முன்னே படுத்துக் கிடந்தது. திடீரென மச்சான் பிரேக்கை மிதித்தார். வீதியின் நடுவே ஒரு மாடு. அதன் மறு பக்கத்தில் விளக்கில்லாத சைக்கிளில் ஒரு வயோதிபர். அல்ஹம்துலில்லாஹ், ஒரு பாகத் தூரத்தில் வேன் நின்றது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னார்: "இஞ்ச பாருங்க, பல்பு நல்லாத்தான் எரியுது. கண்ணாடிதான் உம்மாட சிமினி மாதிரிப் புகைஞ்சு கிடக்கு."

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் பிடித்தால் 25 மீற்றர் போய்விடுகிறது. பின்னர் பிரேக் பிடித்து வாகனம் நிற்க, காய்ந்த நல்ல வீதியில்கூட இன்னும் 20 மீற்றர் அளவு வேண்டும். 45 மீற்றருக்கு முன்னால் நிற்பதைக் காட்டாத விளக்கு, எரிந்தும் எரியாத விளக்குத்தான்.

கண்ணாடி என்கிறோம், அது கண்ணாடி அல்ல

குடாநாட்டு வீதிகளில் ஓடிய பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களின் முன் விளக்குகள் உண்மையான கண்ணாடியால் ஆனவை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியபோதும் அவற்றின் விளக்குகள் பழுப்பேறியதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இன்றைய வாகனங்களில் இருப்பது பொலிகார்பனேற்று என்னும் பிளாஸ்டிக். 1953இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்து ஆய்வாளர் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பொருள் இது. 1983இல் அமெரிக்கா வாகன விளக்குகளுக்கு இதனை அனுமதித்தது. பாரம் குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். அதனால் உலகெங்கும் பரவியது.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் இதனை அரிக்கும். அதனால் தொழிற்சாலையிலேயே மேற்பரப்பில் மெல்லிய காப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலும், புழுதியும், மணலும் அந்தப் பூச்சைத் தின்றுவிடுகின்றன. பின்னர் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வெளியே போக வேண்டிய ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் எரிக்கும் நம் குடாநாட்டில், நிழலின்றி வாசலில் நிற்கும் வாகனத்துக்கு இது விரைவாகவே வரும்.

அமெரிக்க வாகனச் சாரதிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிப்போன விளக்கு புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. முறையாகத் தேய்த்துச் சீர்செய்தால் அது 70 வீதம் வரை மீளுகிறது.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே மங்கிய விளக்குகள் நம் வீதிகளில் ஏராளம். மாலை மத்ரஸாவிலிருந்து நம் பிள்ளைகளை ஏற்றி வரும் வேனின் விளக்கை நீங்கள் எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா?

முதலில் ஒரு சோதனை

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியதும், வாகனப் பெயின்ட் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வேனைக் காட்டினோம். அவர் ஒரு கோப்பைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றினார். ஈரமாக இருந்தபோது விளக்கு தெளிவாகத் தெரிந்தது; காய்ந்ததும் மறுபடி மங்கியது. "அப்படியென்றால் குறை வெளியேதான், தேய்த்தால் சரிவரும்" என்றார்.

தண்ணீர் ஊற்றியும் தெளியாவிட்டால் குறை ஆழமானது, அல்லது உட்பக்கத்தில் உள்ளது. உள்ளே நீர்த்துளிகள் கோத்திருந்தால் ரப்பர் வளையம் கெட்டு ஈரம் புகுகிறது என்று பொருள். உள்ளே உள்ள வெள்ளித் தகடு கறுத்திருந்தாலும், விளக்கு வெடித்திருந்தாலும் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, மாற்றவே வேண்டும். அதிக வலுவுள்ள பல்பைப் போட்டுச் சமாளிப்போம் என்று சிலர் எண்ணுவார்கள். அந்தச் சூட்டில் வயரும் பிளாஸ்டிக்கும் உருகும். சிதறும் ஒளி எதிரே வருபவரின் கண்ணையும் குருடாக்கும்.

செய்யும் முறை

ஒரு விளக்கை அந்தப் பெரியவர் செய்து காட்டினார். மற்றதை வீட்டு முற்றத்தில் என் மனைவியும் மகளும் செய்தார்கள். முறை இதுதான்:

1. எஞ்சினை நிறுத்தி, விளக்கு சூடாறிய பின், நிழலில் நிறுத்துங்கள். சோப்பு நீரால் விளக்கைக் கழுவித் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் அதுவே கீறிவிடும்.

2. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்டின் மேல் டேப் ஒட்டுங்கள். கை தவறினாலும் பெயின்ட் கீறுப்படாது.

3. பெயின்ட் கடையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள் வாங்குங்கள். 1000, 2000, 3000 என மூன்று இலக்கங்கள் வேண்டும். மிக மோசமாக மஞ்சளித்திருந்தால் 800இல் தொடங்கலாம். இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும். சற்று நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள்.

4. முதலில் 1000ஆம் தாளால், தண்ணீர் தொட்டுத் தொட்டு, இடம் வலமாக ஒரே சீராகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம். மஞ்சள் நீர் வடியும். அது பழைய பூச்சு. வடியும் நீர் வெள்ளையாகும் வரை தொடருங்கள். அடுத்து 2000ஆம் தாளால் மேல் கீழாக. கடைசியில் 3000ஆம் தாளால் மறுபடி இடம் வலமாக. முன்னைய தாளின் கீறல்கள் முற்றாக மறைந்த பின்பே அடுத்த தாளுக்குப் போக வேண்டும்.

5. இந்த நிலையில் விளக்கு முன்னைவிட மங்கலாய், பால் போலத் தெரியும். "கெடுத்துவிட்டோமே" என்று பதற வேண்டாம். கட்டிங் பொலிஷை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் தெளிவு திரும்பும்.

6. பொலிஷின் பிசுக்கை நன்றாக நீக்கி, ஈரமின்றிக் காய விடுங்கள். பின்னர் புறஊதாக் கதிரைத் தாங்கும் தெளிந்த பூச்சை, விளக்குக்கென விற்பதாகப் பார்த்து வாங்கி, மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். விசிறும் வகையானால் வாகனத்தைக் கடதாசியால் மூடி, மூக்கையும் வாயையும் மறைத்து, பிள்ளைகளைத் தூர வைத்து, காற்று அடங்கிய வேளையில் செய்யுங்கள். மறுநாள் வரை காயட்டும்.

இந்த ஆறாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பூச்சின்றி விட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சளாகிவிடும். பற்பசையால் தேய்த்தாலும் தெளிவு வருகிறதே என்பார்கள். உண்மைதான், பற்பசையில் மெல்லிய அரம் உள்ளது. ஆனால் அது மேலோட்டமான மங்கலை மட்டுமே எடுக்கும். காப்பு எதுவும் தராது. பெற்றோலும் தின்னரும் தொடவே கூடாது. அவை பொலிகார்பனேற்றை வெடிக்கச் செய்யும்.

தண்ணீரும் வுழூவும்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்று இல்லாத மண் நம்முடையது. சுண்ணாம்புக் கற்களுக்குள் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளின் சொத்து. இந்த வேலைக்குக் குழாயைத் திறந்துவிடத் தேவையில்லை. ஒரு வாளி போதும். ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நம் கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைக் கறை படியும் என்பதால், கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: தெளிந்த பூச்சு கையிலோ நகத்திலோ படிந்து காய்ந்தால், அதன் கீழே தண்ணீர் சேராது, வுழூ நிறைவேறாது. கையுறை அணிந்து செய்யுங்கள். பட்டுவிட்டால் தொழுகைக்கு முன் முற்றாக நீக்கிவிடுங்கள்.

மினுக்கு வேறு, தெளிவு வேறு

இப்போது அந்த வேனின் கதைக்கு வருகிறேன். வாங்கிய அன்று அதன் விளக்குகள் பளபளவென்றிருந்தன. இரண்டு முறை கழுவியதும் மங்கிவிட்டன. "எண்ணெய் பூசி வித்திருக்கினம்" என்றார் அந்தப் பெரியவர். எண்ணெய் அந்த நுண்ணிய வெடிப்புகளுக்குள் புகுந்து சில நாட்களுக்குத் தெளிவு போலக் காட்டும். பிறகு கழன்றுவிடும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள், உள்ளே ஈரம். மழை பட்டது என்று வியாபாரி சொன்னபோது, அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இந்தச் செய்தியை மேடையில் எத்தனையோ முறை நான் பேசியிருக்கிறேன். மாங்குளத்து இருளில்தான் அதன் கனம் எனக்கு விளங்கியது. தானியத்தின் ஈரத்தை மறைத்தால் வாங்கியவருக்குப் பணம் நட்டம். விளக்கின் மங்கலை மறைத்தால், விற்பவருக்கு யாரென்றே தெரியாத ஒரு சைக்கிள்காரரின் உயிர் போகும்.

வாகனத்தைச் சீர்செய்து விற்பது குற்றமல்ல. ஆனால் "தேய்த்துப் பூச்சுப் பூசியது" என்று சொல்லி விற்க வேண்டும். வீட்டு ஆண்கள் வாகனம் விற்கும்போது, "குறையைச் சொன்னீர்களா?" என்று கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அந்தப் பணத்தில்தான் வீட்டின் உலை கொதிக்கப் போகிறது.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நபிமொழி தரும் பாடம். முள்ளும் கல்லும் மட்டுமா தொல்லை? இருளில் பிறரைக் காணாமல் ஓடும் நம் வாகனமும் தொல்லைதான். பாவம் செய்யும் அடியானின் உள்ளத்தில் கரும்புள்ளி விழுகிறது. அவன் தவ்பாச் செய்தால் அது துலங்குகிறது. மீண்டும் மீண்டும் செய்தால் உள்ளத்தையே மூடிவிடுகிறது என்று திர்மிதியில் வரும் செய்தியையும் இங்கே நினைத்துக்கொள்வோம். உள்ளே ஒளி இருந்தும் மேலே படிந்த அழுக்கால் அது வெளிவராத நிலை விளக்குக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. எண்ணெய் பூசி மினுக்குவது இரண்டுக்கும் மருந்தாகாது.

சகோதரிகளே, இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வாசலில் நிற்கும் வாகனத்தின் அருகே ஒரு கோப்பைத் தண்ணீருடன் போய்ப் பாருங்கள். ஓட்டோவாயினும், வேனாயினும், மகள் வேலைக்குப் போகும் ஸ்கூட்டராயினும் சரி. விளக்கில் ஊற்றிச் சோதியுங்கள். மங்கியிருந்தால் மஃரிபுக்குப் பின் வெளியே எடுக்க விடாதீர்கள்; சீர்செய்யும் வரை பகலில் மட்டும் ஓடட்டும்.

எங்கள் வேன் மாமியின் நாற்பதாம் நாளுக்குப் பின் மறுபடி அதே வழியால் புத்தளம் போய் வந்தது. மாங்குளத்தில் மாடுகள் அன்றும் வீதியில்தான் படுத்திருந்தன. இம்முறை தூரத்திலேயே தெரிந்தன.

நம் வீட்டாரின் பயணங்களையும், நம் பாதையில் வரும் எல்லோரின் பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! ஆமீன்.