கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், இரவில் படுக்கையில் மடித்துப் போட்ட பழைய துணி, வெளியே போகும் நாளில் அடர் நிறச் சேலை. மாதாமாதம் இப்படிச் சமாளிக்கும் பெண்கள், "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. வீட்டில் யார் அளக்கப்போகிறார்கள்? பெரிய கட்டிகளாகப் போகிறதா, 7 நாளைத் தாண்டுகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, அந்த நாள்களில் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியவில்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

பார்த்த பிறகு நடப்பதுதான் கவலை தருகிறது. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு அல்லது வலி. எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு 34 வயதுக்குள்ளேயே அறுவை நடந்து முடிந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இப்படி ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019இல் நாட்டையே உலுக்கியது. மாத்திரையில் அடங்கக்கூடிய தொல்லைக்கு ஓர் உறுப்பையே எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் காரணம் தெரிய வேண்டும். நார்த்திசுக் கட்டியா, தசைச் சுவர் வீங்கியிருக்கிறதா, தைராய்டா என்பதை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வார்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகும் சிறுமிக்கு ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் விவரித்த பரம்பரை நோய் அப்படிப்பட்டது. அவர் பார்த்த ஆலந்துத் தீவுச் சிறுமி தன் நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்துபோனாள்.

சிகிச்சைகளில் மிக எளியது ட்ரனெக்சாமிக் அமிலம். ரத்தக்குழாயின் வாயை அடைக்க உடல் ஃபைப்ரின் என்ற இழைகளால் வலை பின்னுகிறது. பிளாஸ்மின் என்ற நொதி அதைக் கரைக்கிறது. அதிகம் போகும் பெண்களின் கர்ப்பப்பையில் இந்தக் கரைப்பு மும்முரமாக நடக்கிறது. பிளாஸ்மினாக மாறவேண்டிய மூலப்பொருள் இழையில் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இந்த மருந்து போய் அடைத்துக்கொள்கிறது, வலை பிழைக்கிறது. ஜப்பானில் இதை உதாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகும் பெண்களுக்காகத்தான் உதாகோ இதைத் தேடினார். அதிகம் போகும் நாள்களில் மட்டும் விழுங்கினால் போதும், போக்கு ஏறக்குறையப் பாதியாகும். முன்பு கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது.

இதைவிட வலுவானது, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம். பார்க்கக் காப்பர்-டி போலவே இருக்கும். ஆனால் காப்பர்-டி போக்கைக் கூட்டக்கூடியது. இதுவோ சிறிது சிறிதாக ஹார்மோனைக் கசியவிட்டு உள்சவ்வை மெலியவைக்கிறது. முதல் சில மாதங்கள் அங்குமிங்கும் திட்டுத்திட்டாகப் படும். அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடுகிறார்கள். பொறுத்தால் 5 ஆண்டுகள் நிம்மதி. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆர்மிலாக்சிஃபீனும் அதிக உதிரப்போக்குக்குத் தரப்படுகிறது. 'சாயா' என்ற பெயரில் அரசு கொடுக்கும் கருத்தடை மாத்திரையில் இருப்பது அதுதான். கட்டியை மட்டும் அகற்றுவதும் அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பதும் உண்டு. குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு உள்சவ்வைச் சுட்டுக் கரைக்கும் முறையும் இருக்கிறது.

புற்றுநோய் இருந்தாலோ இவை எதற்கும் அடங்காவிட்டாலோ கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் கையெழுத்துப் போடுமுன் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். 35 வயதில் அவை போனால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், எலும்பும் சீக்கிரம் தேயும். எந்தச் சிகிச்சையானாலும், போன ரத்தத்தை ஈடுசெய்யத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் 3 மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும்.