போக 9 மணி, திரும்ப 11 மணி

டோக்கியோவிலிருந்து பஸிபிக் சமுத்திரத்தைக் கடந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் செல்லும் விமானம் ஏறக்குறைய 9 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திரும்பி வருவதற்கோ சுமார் 11 மணி நேரம் வேண்டியிருக்கிறது. இடையேயுள்ள தூரம் இரு திசையிலும் ஏறத்தாழ 8,270 கிலோமீட்டர்தான்.

அந்தத் தூரமே சற்று விசித்திரமானது. இரு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால், தேசப்படத்தைப் பார்ப்பவர் நேர் கிழக்கே கோடு கிழித்துவிடுவார். ஆனால் பூமி உருண்டையாதலால், வடக்கே வளைந்து அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்காகச் செல்லும் மார்க்கமே அக்கோட்டைவிட 400 கிலோமீட்டருக்கு மேல் குறுகியது. பூகோள உருண்டையின்மீது நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

கால வித்தியாசத்துக்கு வருவோம். விமானத்தின் அடியில் பூமி சுழன்று நகர்ந்துவிடுகிறது என்பார் உண்டு. வாயுமண்டலமும் பூமியோடு கூடவே சுழல்வதால் அந்த வாதம் நிற்காது. மெய்யான காரணம், தெற்கின் உஷ்ணக் காற்றும் துருவத்தின் குளிர்காற்றும் சந்திக்கும் பிரதேசத்தில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வாயுப் பிரவாகமேயாகும். ஜப்பானிய வானிலை அறிஞர் வஸபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனைக் கண்டறிந்து, உலகத்தார் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ பாஷையில் எழுதிவைத்தார்; பாவம், படித்தவர் சிலரே! குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. காற்றினூடே 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது லேசான விஷயமன்று. ஆகவே திரும்பும் விமானிகள் பிரவாகத்தை விட்டு விலகி, வேண்டுமென்றே நீண்ட மார்க்கத்தில் சுற்றிவந்து, அதனாலேயே சீக்கிரம் தரையிறங்குவதும் உண்டு.