குடியை நிறுத்தும் முதல் நான்கு நாள்கள்

கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டவர் மறுநாளே கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, தூக்கமில்லாமல் புரளுவதை மும்பையின் தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. மீண்டும் பாட்டிலைத் தொட்டுவிட்டால், "மனசுல உறுதி இல்லை" என்று திட்டுகிறோம். அது பெரும் அநியாயம். பல ஆண்டுகள் மதுவால் அடங்கிக் கிடந்த மூளை, மது நின்றதும் கட்டுமீறிக் கிளர்ந்தெழுவதால் வரும் அவதி அது.

உயிருக்கே ஆபத்து

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், மனைவியையே யாரென்று கேட்பார். பேய் பிடித்ததென்று மந்திரிக்க அழைத்துப்போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் உயிரே போகலாம்.

தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் துணையின்றிச் சட்டென நிறுத்தக் கூடாது. மருத்துவர்கள் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினும் தருவார்கள். அது குறைந்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடலாம்.

சோற்றில் கலக்கும் மருந்து

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பதை நிறுத்துங்கள். இப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிரம் என்னும் மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயமே பாதிக்கப்படலாம். விவரம் தெரிந்து, சம்மதித்தவருக்கு மட்டுமே மருத்துவர் தரும் மருந்து அது.

மனதையும் பார்க்க வேண்டும்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்தாகக் குடிப்பவர்கள் உண்டு. குடியாலேயே சோர்வில் விழுந்தவர்களும் உண்டு. குடியை விட்டுச் சில வாரங்களாகியும் சோர்வு நீங்காவிட்டால் அதற்கும் சிகிச்சை வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது. ஆனால், 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது.

எங்கே போவது?

தாராவிக்குப் பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் கேளுங்கள். பாந்த்ராவில் 1981இல் அருள்தந்தை ஜோ பெரேரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை மறுவாழ்வுப் பணி செய்துவருகிறது. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தி, மராத்தியில் சொல்லத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டில் குடிப்பவர் குடியை நிறுத்துவதற்கு முன்பே அழையுங்கள்.