ஓடாத இடத்திலும் ஓடும் சொல்

'ரன்' என்றால் ஓடு. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் இந்த ஒற்றை வினைச்சொல்லை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவருக்கோ, அதை முடிக்க ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்து அடுக்கிய பொருள்கள் 645!

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது 'செட்'. அதை 'ரன்' முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலை, ரயில், மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக வந்தவை எல்லாம் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ஓடின.

நமக்கு இது புதிதல்ல. கடிகாரம் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது, "பொழப்பு எப்படி ஓடுது?" என்கிறோம்; பதறினால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. ஆனால் தானாக இயங்கினால் 'ஓடு', நாம் இயக்கினால் 'ஓட்டு' என்று தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டும் 'ரன்'தான். கடை நடத்துவதும் அதுவே. அதற்காக, கார் ஓட்டுவதற்கும் அதையே போட்டுவிட முடியாது. அங்கே 'டிரைவ்' வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனிலோ நிற்கிறார். நம் ஊரிலும் "எந்தத் தொகுதியில நிக்கிறார்?" என்றுதான் கேட்கிறோம்.

மாணவர்கள் தடுமாறுவது 'ரன்' என்பதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களில்தான். நண்பரை 'ரன் இன்டு' செய்தேன் என்றால் வழியில் எதிர்பாராமல் பார்த்தேன் என்று பொருள். 'ரன் ஓவர்' என்றால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன்! 'ரன் அவுட்' கிரிக்கெட்டால் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை தீர்ந்துபோனதற்கும் அதே சொல் என்பது பலருக்குத் தெரியாது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் இவை நிற்பதில்லை. அடுப்படியில், தெருவில், முழு வாக்கியமாகக் காதில் விழ வேண்டும்.

சளி பிடித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது. நமக்கு ஒழுகுகிறது.